பதரோடு ஒரு அட்டிகை

நீலாயதாட்சி நாகப்பட்டினத்தில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். சுறாவின் முதுகெலும்பைத் தங்கக் கம்பியில் கோத்து மாலை செய்ததில்தான் முதலில் பேர் வாங்கினாள். அதுவும் கெட்ட பேர். "செத்த மீனைக் கழுத்துல கட்டிக்கிறதா?" என்று கடைத்தெரு நகைப் பத்தர்கள் சிரித்தார்கள். சென்னையில் ஒரு டாக்டரம்மா அதை மாட்டிக்கொண்டு விசேஷங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகு சிரிப்பு நின்றது. சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்களிடம் இரண்டு வருஷம் மெழுகு வேலை பழகிவிட்டு, பாபநாசத்தில் பட்டறை போட்டாள். நண்டுக் கால், நத்தை, அரிவாள் என்று யாரும் பொன்னில் நினைக்காததையெல்லாம் வார்த்தாள். கூட இருந்தவள் கமருன்னிஸா. மெருகு போடுவதும் கோப்பதும் அவள் பாடு.

ஆட்சி மாறி இரண்டு வருஷமாகியிருந்தது. சுவரெல்லாம் புதுக் கொடி. அறுவடைக் கூலி மட்டும் பழையபடி. மிராசுதார் கல்யாணம் என்பவரின் மகள் சரசாவுக்கு அந்தத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நெற்கதிரிலேயே அட்டிகை வேண்டும், அதுவும் தங்கள் வயலில் விளைந்த கதிராக வேண்டும் என்றாள் அவள். பண்ணையாள் முருகையன் கதிர் அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நீலா அதைக் களிமண்ணில் பதித்து, மெழுகில் எடுத்து, பொன்னில் வார்த்தாள். பூச்சி அரித்த மணியையும் விடவில்லை, பால் பிடிக்காத பதரையும் விடவில்லை.

"பதரை எதுக்குப் பொன்னுல பண்ணினே?" என்றாள் சரசாவின் அம்மா பர்வதம்.

"வயல்ல அதுவும் இருந்துச்சும்மா."

சரசா மட்டும் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள். கூடத்தில் வைத்து நீலா கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறக் களத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு அடிபட்டால் வருகிற மாதிரிச் சத்தம்.

அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூலி கூடுதலாகக் கேட்டுப் பண்ணை ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்து ஒரு வாரமாகியிருந்தது. கல்யாணம் பூதலூர்ப் பக்கத்திலிருந்து வெளியாட்களை இறக்கியிருந்தார். அவர்களிடம், அறுக்க வேண்டாம் என்று கேட்கத்தான் முருகையன் தனியாகக் களத்துக்கு வந்திருந்தான். கையில் துண்டைத் தவிர எதுவுமில்லை.

நீலா கொல்லைக் கதவைத் திறந்தபோது அவன் மண்டியிட்டிருந்தான். பண்ணையின் அடியாள் செல்லதுரை கம்பால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தான். பிறகு தோளில். பிறகு தலையில். வெளியாட்கள் கட்டுகளைத் தலையில் வைத்தபடியே நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. நீலா ஓடிப்போய்க் கம்பைப் பிடித்தாள்.

"விட்டுடு, செத்துருவான்."

செல்லதுரை அவளை இடுப்பில் உதைத்துத் தள்ளினான். அவள் எழுவதற்குள் இரண்டு அடி விழுந்துவிட்டது. முருகையனின் காதிலிருந்து ரத்தம் வழிந்து, தூற்றி வைத்திருந்த நெல்லில் இறங்கியது. "அக்கா" என்றான். அதோடு அவன் மூச்சு நின்றது.

கல்யாணம் வந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சரசா கழுத்துலேர்ந்து அட்டிகையைப் பறிக்க வந்தான். செல்லதுரை தடுத்தான். நீ கூடத்துல இருந்தே, பார்த்தே. அவ்வளவுதான்."

"அவன் கூடத்துக்கே வரலைங்க."

"வந்தான்னு சொல்றேன்."

நீலா வெளியே நடந்தாள். புடவையில் ரத்தத்தோடு நேராகக் காவல் நிலையம் போய், பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நடுப்பகலில் செல்லதுரை மூன்று பேரோடு பட்டறைக்கு வந்தான். மெழுகு அச்சுகளைக் காலால் மிதித்தார்கள். இருவர் நீலாவின் வலது கையைப் பொன் தட்டுகிற பட்டடைக் கல்மேல் வைத்து அழுத்தினார்கள். அவளுடைய சுத்தியலையே அவன் எடுத்தான்.

"சொன்னதை மாத்திச் சொல்லு."

"மாட்டேன்."

முதல் அடியில் ஆள்காட்டி விரல் போனது. இரண்டாவதில் நடுவிரல். எலும்பு நொறுங்குகிற சத்தத்தை அவளே கேட்டாள். மூன்றாவது அடி விழுவதற்குள் கமருன்னிஸா தணலோடு குமுட்டி அடுப்பைத் தூக்கி அவன் முகத்தில் கொட்டினாள். அவன் அலறிக்கொண்டு தெருவில் உருண்டான். மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கமருன்னிஸாவின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்திருந்தன.

தஞ்சாவூர்க் கோர்ட்டில் முருகையன் கொலை வழக்கு எட்டு மாதம் கழித்து வந்தது. சரசா கூண்டில் ஏறி, தலை நிமிராமல், "பறிச்சான்" என்றாள். செல்லதுரை தரப்பு வக்கீல் அட்டிகையை மேஜையில் வைத்தார். நீலாவின் முறை வந்தபோது, அதைக் கையில் எடுக்க அனுமதி கேட்டாள். இடது கையால்தான் எடுக்க முடிந்தது.

"ஒவ்வொரு மணி நுனியிலயும் கூர் இருக்கு, பாருங்கய்யா. மயிர் கனம்தான். நான் மூச்சை அடக்கிக்கிட்டு அரத்தால ராவுன எடம். இதை ஒருத்தன் கழுத்துலேர்ந்து இழுத்திருந்தா ஒண்ணாவது வளைஞ்சிருக்கணும். எண்பத்திரண்டும் நேரா நிக்கிது."

நீதிபதி பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு மணியின் கூர் நுனியை நகத்தால் லேசாகத் தொட்டார். அது மடங்கிக்கொண்டது.

செல்லதுரைக்குப் பத்து வருஷம் ஜெயில். கல்யாணம் அடிக்கச் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். அவர் காரில் ஏறியதை முருகையனின் மனைவி சுந்தரி கோர்ட் வாசலில் நின்று பார்த்தாள். கையிலிருந்த செருப்பை எறிந்தாள். கார்க் கண்ணாடியில் பட்டு விழுந்தது. போலீஸ்காரர் ஒருவர் அவளை அறைந்தார். நீலா நடுவில் போய் நின்றாள். இரண்டாவது அறை அவள்மேல் விழுந்தது.

அந்த வருஷம் சுற்றுவட்டார மிராசுதார்களில் பலர் அந்த அரைப்படியைக் கூட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் கொடுக்கவில்லை.

நீலா இடது கையால் மெழுகு பிடிக்கப் பழகினாள். மெழுகு நழுவியது. தணல் சுட்டது. ஆத்திரத்தில் ஒருநாள் சாமான்களையெல்லாம் வாரித் தெருவில் எறிந்தாள். கமருன்னிஸா போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து வரிசையாக வைத்தாள்.

"கோணலாத்தான் வருது, கமரு."

"வரட்டும். நீ எப்ப நேராச் செஞ்சே?"

அடுத்த நாள் வார்த்த வளையலில் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. நீலா ராவவில்லை. அப்படியே மெருகுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததற்குக் களிமண் பிசைய உட்கார்ந்தாள்.