முதலையைத் தாங்கிய நால்வர்

வினோதினிக்குக் கடலூர் அருங்காட்சியகத்தில் ஒப்பந்த வேலை. நூறு வருஷத்துக்கு முந்தைய புகைப்படக் கண்ணாடித் தகடுகளைத் துடைத்து, கணினியில் ஏற்றி, உறையில் எழுதியிருப்பதை அப்படியே படி எடுக்க வேண்டும். மான், நரி, நீர்நாய் என்று எல்லாம் செத்துக் கிடக்கும். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு துரை, ஊரையே ஜெயித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது.

பிச்சாவரத்துப் படம் வந்தபோதுதான் கை நின்றது. படகில் துரை, காலடியில் இரண்டு நாய்கள். பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நான்கு பேர், பெரிய முதலை ஒன்றைத் தோளில் தாங்கி நின்றார்கள். கடைசியில் வாலைப் பிடித்திருந்தவள் ஒரு பெண். மூன்று ஆண்களும் முதலையைப் பார்க்க, அவள் மட்டும் நேராகக் கேமராவை முறைத்தாள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நாய்கள் அசைந்ததால் அவற்றின் முகம் கலங்கிப் போயிருந்தது. அத்தனை பாரத்தோடும் அந்த நான்கு பேர் அசையவில்லை.

உறையில் இருந்தது: ‘துரையும் அவர் முதலையும். நாய்கள் டைகர், பெல்லா. சில கூலிகள்.’

வினோதினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாய்க்குப் பெயர் இருக்கிறது!

இந்தத் தகடுகளை வைத்து நடக்கவிருந்த கண்காட்சிக்கு இந்தப் படத்தைத்தான் முன்கூடத்தில் மாட்டுவதாக இருந்தது. இயக்குநர் சுப்பிரமணியன் நல்ல மனிதர், ஆனால் வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். உறையைப் படித்ததும் முகம் சுளித்தார்.

“கூலின்னு போட்டா பிரச்சனை வரும்மா. அந்த ஆளுங்களயே எடுத்துடுங்க. முதலையும் துரையும் போதும்.”

“வார்த்தை தப்புன்னா வார்த்தைய எடுங்க சார். ஆளுங்கள ஏன் எடுக்கணும்?”

“சொன்னதச் செய்ங்க. அடுத்த வாரம் உங்க ரினியூவல் ஃபைல் எங்கிட்டதான் வருது.”

அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

கணினிக்காரர் நால்வரையும் அழித்துக் கொடுத்தார். முதலை அந்தரத்தில் மிதந்தது. தாங்க ஆளில்லாமல் அது எப்படி நிற்கும்? சுப்பிரமணியன் மட்டும், “சூப்பரா இருக்கு,” என்றார். அன்று சாயங்காலம் வினோதினி வீட்டுக்குப் போகும் வழியில் சிதம்பரத்தில் இறங்கி, சட்டம் போடும் கடைக்காரரிடம் அழித்த படத்தைக் கொடுக்கவில்லை. முழுப் படத்தைக் கொடுத்தாள்.

திறப்பு விழா அன்று காலை, தேக்குச் சட்டமும் கண்ணாடியுமாக அது வந்து இறங்கியது. இரண்டு தச்சர்கள் ஏணி போட்டு, மூச்சு வாங்க மாட்டிவிட்டுப் போனார்கள். கீழே அவள் தன் கையால் ஓர் அட்டை ஒட்டினாள்: ‘நாய்கள் டைகர், பெல்லா. முதலையைத் தாங்கி நிற்கும் நால்வரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.’

சுப்பிரமணியன் வந்து பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. வெளியே விருந்தினரின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க! வேலை வேணுமா வேணாமா?”

“வேணும் சார். அதுக்காக இவுங்கள அழிக்க என்னால முடியாது.”

அவர் அங்கேயே கிடந்த ஏணியில் ஏறிச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினார். ஆணியிலிருந்து கழன்ற சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒற்றை ஆளால் தாங்கக்கூடிய கனம் இல்லை அது.

“ஐயோ, கீழ விழப் போவுது! வினோதினி, ஒரு கை பிடிம்மா!”

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். படத்திலிருந்த பெண் முறைப்பது போலவே அவளும் நேராகப் பார்த்தாள்.

“மாட்டறதா இருந்தா பிடிக்கறேன் சார். இறக்கறதுக்குப் பிடிக்க மாட்டேன்.”

வாசலில் செருப்புச் சத்தங்கள் நெருங்கின. சுப்பிரமணியன் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“சரி... மாட்டித் தொலைக்கறேன். பிடி,” என்றார்.

வினோதினி ஒரு பக்கம் பிடித்தாள்.