வெல்டாவின் புயல்கள்

ஏப்ரல் பிறந்ததிலிருந்து வெல்டாவுக்குப் புயல்தான் கைகொடுத்துக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மாரடைப்பு வந்து பிழைத்தெழுந்த அவள் கணவர் டெல்பர்ட், ஏரிக்கரைக்குப் போயே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று குட்டி வீடாகவே ஓடும் அவருடைய வண்டி குளிர்காலம் முழுக்க வாசலில் தூங்கிக் கிடந்தது. ஏரிக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வெகுதூரம். அதை வாய்விட்டுச் சொல்ல வெல்டாவுக்கு மனம் வரவில்லை. அவர் பயணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் சூறாவளி வருகிறது என்று முட்டுக்கட்டை போட்டாள். வசந்தகால ஒக்லஹோமாவில் சூறாவளிக்கா பஞ்சம்!

இந்த வெள்ளிக்கிழமைதான் வானம் காலை வாரிவிட்டது. துடைத்து வைத்தாற்போல் நீலம். அந்த ஊரில், புயல் முற்றி, தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் தன் கோட்டைக் கழற்றினால்தான் ஜனங்கள் நிலவறைக்கு ஓடுவார்கள். இன்றைக்கு மனிதர் மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஆனாலும் மேற்கே கருக்கிறது என்று வெல்டா துணிந்து புளுகினாள்.

"அந்த ஆளு கோட்டு பொத்தானக்கூட அவுக்கல, வெல்டா."

டெல்பர்ட் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நீ மேகத்துக்கா பயப்படுற? எனக்குத் தெரியாதாக்கும். ஒண்ணு சொல்லவா? நீ புயல்னு சொல்றப்பல்லாம் எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு."

வெல்டாவுக்குப் பொசுக்கென்று கண் கலங்கியது. வீராப்பு பேசிய மனிதர் இத்தனை நாளும் தன்னைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தாரே என்று நெஞ்சு உருகிப் போயிற்று. கூடவே கோபமும் வந்தது.

"போன தடவ நெஞ்சுவலி வந்தப்ப நீ ஏரியிலயா இருந்த? இதே சோபாவுலதான உக்காந்திருந்த?" என்றாள். "எந்திரி. வண்டிய நான் ஓட்டுறேன்."

அத்தனை பெரிய வண்டியை அவள் ஓட்டியதே இல்லை. மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டெல்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் எடுத்த எடுப்பில் வாசலோரத் தபால் பெட்டி மடாரென்று சாய்ந்தது. டெல்பர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெல்டாவுக்கு உயிரே போய்விட்டது. பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

மனிதர் சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியப் பாரு," என்று அவர் கையில் ஓர் அடி போட்டாள். பிறகு அந்தக் கையை விடாமல், ஒற்றைக் கையாலேயே வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினாள்.