நாற்பத்தொரு சொந்தங்கள்

"குடும்பச் சட்டம், குழந்தைகள் நலம்: இலவச வகுப்பு" என்று பெரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்து அந்த ஆற்றங்கரை ஊரில் ஈ காக்கைகூட வரவில்லை. ஒரு நாய் மட்டும் வந்தது. அதுவும் பாதியில் எழுந்து போய்விட்டது. பழங்குடி மக்களுக்கான சட்ட உதவி மையத்திலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள் பெரில். அவள்மேல் யாருக்கும் கோபமில்லை. ஆனால் 'குழந்தைகள் நலம்' என்று காதில் விழுந்தாலே அங்கே கதவுகள் சாத்திக்கொள்ளும். அந்த ஊர்க்காரி கெய்லீனின் அம்மா காலத்தில் குழந்தைகள் நலத் துறையின் கார் வருகிறதென்றால் பிள்ளைகளை நாணலுக்குள் ஒளித்துவைப்பார்கள். ஒளியத் தெரியாத பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் போய்விடுவார்கள்; அவர்கள் வீடு திரும்பவில்லை.

அடுத்த மாதம் நோட்டீஸ் மாறியது. "பிங்கோ. பரிசு ஒரு தட்டு நிறைய இறைச்சி." மண்டபம் நிரம்பிவிட்டது. ஆட்டுத் தொடைக்கு ஆசைப்பட்டுக் கெய்லீனும் போனாள்.

தம்போலா போலக் கூப்பிடும் எண்ணை அட்டையில் அடிக்கிற ஆட்டம்தான் பிங்கோ; ஆனால் இந்த அட்டையில் எண்கள் இல்லை. 'வக்கீல்', 'கையெழுத்து', 'சொந்தக்காரர்' என்று சொற்கள் இருந்தன. ஏமாந்துவிட்டோம் என்று கூட்டத்துக்குப் புரிந்தபோது பெரில் கதவை மறித்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சட்டம் சொன்னாள், நடித்தும் காட்டச் சொன்னாள். கெய்லீனின் ஒன்றுவிட்ட தம்பி டாரல் டை கட்டிக்கொண்டு அதிகாரியானான். மண்டபத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, சாஸ் பாட்டிலின் காலாவதித் தேதியைப் பார்த்து, இங்கே இருக்கிற அத்தனை பேரையும் அப்புறப்படுத்தணும் என்று குறித்துக்கொண்டான். சிரிப்பு அடங்குவதற்குள் கெய்லீனிடம் ஒரு தாளை நீட்டினான். தாயாக நடித்த அவள், தொல்லை விட்டால் போதுமென்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"அவ்ளோதான்," என்றாள் பெரில். "பிள்ளை போச்சு."

கெய்லீன் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி அப்போதுதான் படித்தாள்.

மூன்று வாரம் கழித்து நிஜமாகவே கார் வந்தது. கெய்லீனின் அக்கா ரோசலின் சிறுநீரகச் சிகிச்சைக்காக நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் பிள்ளைகள் டைரோனும் மிக்கீலாவும் கெய்லீன் வீட்டில் இருந்தார்கள். தாயில்லாமல் இரண்டு பிள்ளைகள் திரிகிறார்கள் என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். வந்தவர் அலிஸ்டர் என்ற இளம் அதிகாரி. மரியாதைக்காரர்தான்.

"பிள்ளைங்களோட அம்மா எங்க?"

"ரெண்டு அம்மா. ஒருத்தி ஆஸ்பத்திரில, ஒருத்தி உங்க முன்னாடி."

"அப்ப நீங்க சித்தி."

"உங்க ஃபாரத்துல சித்தி. இந்த வீட்டுல அம்மா."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிள்ளைகளைத் துறையின் பொறுப்பில் விடும் தற்காலிக ஏற்பாடுதான், சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். கெய்லீன் தாளை அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

"வக்கீல்கிட்ட பேசாம போடமாட்டேன். என்ன காரணம்னு எழுதிக் குடுங்க. பிள்ளைங்கள வேற எங்கயாவது விடணும்னா முதல்ல சொந்தக்காரங்களக் கேக்கணும். அதானே சட்டம்?"

அலிஸ்டர் ஆமாம் என்றார்.

"அப்ப எழுதிக்கோங்க."

அவள் ஆரம்பித்தாள். பேர் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், யாருக்கு முட்டிவலி, யாரிடம் படகு இருக்கிறது என்று எல்லாம் சொன்னாள். நடுவில் கேக் வெட்டி வைத்தாள். கார் வந்த செய்தி பரவி, ஒன்பதாவது பேரைச் சொல்லும்போது அந்த ஒன்பதாவது ஆளே வாசலில் நின்றார். அவர் பின்னால் டாரல்.

"என் பட்டப்பேரையும் போடுங்க சார். இல்லன்னா ஊர்ல யாருக்கும் என்னைத் தெரியாது."

நாலாவது பக்கத்தில், நாற்பத்தொன்றாவது பேரில் அலிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு விரல்களை நீவினார். வெளியே போய் ஆபீசுக்குப் பேசினார். திரும்பி வந்து கையெழுத்தாகாத தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை குடும்பக் கூட்டம் வைக்கலாம் என்றார்.

கார் போனபிறகு கெய்லீன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை நாற்காலி போதவில்லை. பெரில் ஒரு வக்கீலோடு வந்தாள். ரோசலின் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாள், பெரும்பாலும் டைரோன் பல் துலக்குவதைப் பற்றி. பிள்ளைகள் கெய்லீனிடமே இருப்பது என்று முடிவானது. ஒவ்வொரு வரியையும் வக்கீலிடம் கேட்டுக் கேட்டுப் படித்தபிறகுதான் கெய்லீன் கையெழுத்துப் போட்டாள்.

தொல்லை அதோடு தீரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நோலன் மாமா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். நாற்பத்தொரு பேர் ஞாபகம் வந்தது, என் பேர் மட்டும் வரலையா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பத்து நாள் பொறுத்துப் பார்த்த கெய்லீன் வேறு வழியில்லாமல் அலிஸ்டருக்குப் போன் செய்து, இன்னொரு பேரைச் சேர்க்கவேண்டும் என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "முட்டிவலியா, படகா?" என்றுதான் கேட்டார்.