சம்பந்தி விருந்துக்கு முன் எந்த மெக்னீசியம்?

1

இந்தக் கதை அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் பிறந்தது. மாலை நேர எழுத்து வகுப்பில், "உடம்பு நம்மைக் கேட்காமல் செய்யும் ஒன்றைப் பற்றி எழுதுங்கள்" என்றார்கள். கொட்டாவியைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். மறுநாள் பக்கத்து மேசைக்காரியின் இடது கண்ணிமை துடிக்கத் தொடங்கியது. கொட்டாவியைக் கைவிட்டேன். அவளிடம் அனுமதி வாங்கி, பெயரை மட்டும் ஹேரிம் என்று மாற்றினேன்.

முதல் தொடக்கம்: "மனித உடலில் நடக்கும் நூற்றுக்கணக்கான வேதிவினைகளுக்கு மெக்னீசியம் இன்றியமையாத..." இல்லை. இது மாத்திரை டப்பாவின் முதுகு.

இரண்டாவது: "தேஜோன் நகரத்தின் மீது முதல் பனி மெல்ல..." பனிக்கும் இவள் கண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மூன்றாவது: சனிக்கிழமை மதியம் இரு வீட்டாரும் முதன்முறை சந்திக்கும் விருந்து. வியாழக்கிழமை ஹேரிமின் இடது கண் துடிக்க ஆரம்பித்தது. பார்ப்பவர்களுக்கு அது கண்ணடிப்பது போலவே இருந்தது.

இதை வைத்துக்கொள்வோம்.

2

அந்த விருந்தில்தான் கல்யாணத் தேதி முடிவாக வேண்டும். மாப்பிள்ளை குன்ஹோவுக்கு மே மாதம் கோஜே தீவில் உள்ள கப்பல் கட்டும் தளத்துக்கு மாற்றல். ஏப்ரலில் கல்யாணம் நடந்தால் இருவரும் சேர்ந்தே போகலாம். ஆனால் குன்ஹோவின் அம்மா ஜாதகம் பார்ப்பவரைக் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் இலையுதிர்காலம்தான் என்று நிற்கிறார். அப்படிப்பட்டவரைப் பார்த்து, வாய் திறக்கும் முன்பே கண்ணடித்தால் என்ன ஆகும்?

எங்கள் கொரியாவில் கண் துடித்தால் யாரும் சகுனம் பார்ப்பதில்லை. மெக்னீசியம் குறைவு என்று பேருந்து ஓட்டுநர்கூடச் சொல்லிவிடுவார். ஹேரிம் நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

கடைக்காரர் நிதானமானவர். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும், சுருங்கியது தளர மெக்னீசியம் வேண்டும் என்று கையை மூடித் திறந்து காட்டினார். நரம்புக்கும் எலும்புக்கும் இதயம் சீராகத் துடிப்பதற்கும் அதுவே வேண்டும். ஆக்சைடு வகையில் மெக்னீசியம் நிறைய இருக்கும், விலையும் குறைவு. ஆனால் உடம்பு அதில் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் குடலில் தண்ணீரை இழுக்கும், அதனால்தான் மலச்சிக்கலுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். சிட்ரேட் நன்றாகச் சேரும், அதுவும் வயிற்றைக் கொஞ்சம் இளக்கும். கிளைசினேட் வயிற்றுக்குச் சாது. சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்டு, இல்லை என்றபிறகே கிளைசினேட்டை எடுத்துத் தந்தார்.

(இந்தப் பத்தி நீளம் என்று வகுப்பில் சொன்னார்கள். எதை வெட்டுவது என்று தெரியாமல் முழுவதையும் விட்டுவிட்டேன்.)

"கண்ணு துடிக்கறதுக்கு முக்காவாசி நேரம் தூக்கமும் காபியும்தாம்மா காரணம். நீ எவ்வளவு காபி குடிப்ப?"

ஹேரிம் கையிலிருந்த ஐஸ் காபியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"சனிக்கிழமைக்குள்ள நின்னுடுமா சார்?"

"மாத்திரைக்குக் கல்யாண அவசரமெல்லாம் தெரியாதும்மா. போய்த் தூங்கு."

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அவள் தூங்கியிருந்தால்.

3

சோக் சார் எங்கள் குழுத் தலைவர். இவரை நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். மேசை இழுப்பறையில் ஒரு கோப்புகூட இல்லாமல், நிறைய சத்து மாத்திரைகளை வைத்திருக்கும் மனிதரை நானே இட்டுக்கட்டியதாகத் தோன்றலாம். எங்கள் அலுவலகத்துக்கு வந்து பாருங்கள்.

மறுநாள் ஹேரிமின் டப்பாவைத் திருப்பிப் படித்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நூறு மில்லிகிராமா? இது மெக்னீசியம் இல்லம்மா, மெக்னீசியத்தோட நிழல். இத பாரு. வெளிநாட்டுச் சரக்கு. ஒண்ணுல ஐந்நூறு."

அவருடையது ஆக்சைடு. மேலதிகாரி கொடுப்பதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டபின் வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் வழியில்லை. தண்ணீரும் அவரே பிடித்துக்கொண்டு வந்து நின்றார். விழுங்கினாள். டப்பாவையும் அவள் கையிலேயே திணித்தார்.

சனிக்கிழமை காலை அவரிடமிருந்து செய்தி: ரெண்டு போட்டியா? போட்டேன் சார் என்று பதில் அனுப்பிவிட்டாள். பிறகு அது பொய்யாக இருக்கக் கூடாதே என்று எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

4

கண் நிற்கவில்லை. வயிறு கிளம்பியது.

விருந்தில் கடல்நத்தைக் கஞ்சி வந்தபோது ஹேரிம் முதல் முறை எழுந்து கழிப்பறைக்குப் போனாள். வேகவைத்த விலா எலும்பு வருவதற்குள் மறுபடி. முகம் வெளுத்துத் திரும்பி உட்கார்ந்தவளைக் குன்ஹோவின் அம்மா உற்றுப் பார்த்தார். அந்த நொடியில் இடது கண் அவரை நோக்கி ஒரு முறை மூடித் திறந்தது.

அவர் பார்வை ஹேரிமின் வயிற்றுக்கு இறங்கியது. பச்சை மீன் தட்டை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தினார். அவளுக்கு ஊற்றியிருந்த மதுக் கிண்ணத்தைத் தானே எடுத்துக் குடித்தார். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"ஜாதகக்காரர் ஆயிரம் சொல்லுவாரு. ஏப்ரல்லயே வெச்சுடலாம். இதெல்லாம் தள்ளிப்போடற விஷயமா?"

ஹேரிமின் அப்பா விழித்தார். குன்ஹோ அவள் காதருகே, "எங்கம்மாவுக்கு என்ன மந்திரம் போட்ட?" என்றான். கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே அவன் அம்மா அவள் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தார்.

"எனக்கும் மொத மூணு மாசம் இப்படித்தான். கஞ்சியே குடி. நான் யார்கிட்டயும் சொல்லல." சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

5

முடிவு, முதல் வகை: ஹேரிம் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரலில் கல்யாணம், மேயில் கோஜே, சில மாதங்களில் மாமியார் தொட்டிலோடு வந்து நின்று...

இரண்டாவது வகை: செருப்பு மாட்டும் இடத்திலேயே, இரு வீட்டார் முன்னால், "அம்மா, எனக்கு வயித்துப்போக்கு" என்கிறாள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவின் முகத்தை அடுத்த வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஏப்ரலும் அந்த முகத்தோடு போய்விடும்.

மூன்றாவது: உண்மையிலேயே குழந்தை உண்டாகியிருக்கிறது. (அடித்துவிட்டேன். இது ஏமாற்று வேலை.)

நடந்தது என்ன என்று அவளையே கேட்டேன். விருந்து முடிந்து இது இரண்டாவது திங்கட்கிழமை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லையாம். நன்றாகத் தூங்கினாளாம், கண் நின்றுவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கைபேசி ஒலிக்கிறது. குன்ஹோவின் அம்மா. ஏப்ரலுக்கு மண்டபம் முன்பதிவு செய்ய இன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஹேரிம் அதை என் பக்கம் நீட்டுகிறாள்.

"நீதான எழுதறவ. மொத வார்த்தை மட்டும் சொல்லுடி, மிச்சத்த நான் பேசிக்கறேன்."

எனக்கு ஒன்றும் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அழைப்பை எடுத்துவிட்டாள்.