இடப்பக்கம் திரும்பாத வண்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கார் பேட்டரியால். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கார் கிளம்ப மறுத்தது. எங்கள் ஊர்ப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே மூன்று நாட்களில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

ஊர்ப்பெயர் கிடையாது. உக்ரைனில் போல்தாவா நகரத்துக்கு... (திசையை எழுதி அடித்துவிட்டேன். போர் நடக்கும் நாட்டில் ராணுவ வண்டி சரிசெய்யும் இடத்தை எழுதினால் அதற்குப் பெயர் இலக்கியம் இல்லை, துப்புக் கொடுப்பது.)

முதல் தொடக்கம்: "உக்ரைன் வானம் அன்று சாம்பல் பூத்து" வேண்டாம். அன்று நல்ல வெயில்.

இரண்டாவது தொடக்கம்: "சுதந்திரம் என்பது என்னவென்று யாரினா அறிந்திருந்தாள்." இதைப் பட்டறை மெக்கானிக்கான அவளுக்கே மொழிபெயர்த்துச் சொன்னேன். "யாரு டாக்டர் இந்தப் பொம்பள? ரொம்பப் பெரிய ஆளா இருப்பா போல" என்றாள்.

மூன்றாவது: யாரினாவுக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

இது உண்மை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

யாரினாவுக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடம் அறுவடை இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவள். ரஷ்யப் படை எல்லை தாண்டி வந்த பிறகு பட்டறைக்கு அறுவடை இயந்திரங்கள் வருவது நின்று, ராணுவ வண்டிகள் வர ஆரம்பித்தன. இது டென்மார்க் கொடுத்த மூன்றில் ஒன்று. சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் கவசப் பெட்டி, அடிபட்டவர்களை முன்னணியிலிருந்து தூக்கி வருவதற்கு. லிவரை இழுத்து ஒரு பக்கம் பிரேக் போட்டுத்தான் இதைத் திருப்ப வேண்டும்; அந்தப் பிரேக் பட்டைகளை மாற்ற வந்திருந்தது. வலப்பக்கம் அழகாகத் திரும்பும். இடப்பக்க லிவரை இழுத்தால் நேராகவே போகும். டேனிஷ் கையேட்டைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்து, அதன்படி இரண்டு முறை முழுதாகப் பிரித்து மாட்டிவிட்டாள். மறுபடியும் நேராகவே போய் வேலியில் இடித்தது.

"கழட்டிடு" என்றார் பட்டறைத் தலைவர் மகார். "இதோட சாமான எடுத்து மத்த ரெண்டுக்கும் போட்டுக்கலாம்."

(அவர் பெயரே அதுதான். வண்டி பழுதுபார்க்கும் இடத்துக்குத் தலைவர் பெயர் மகார், அதிலும் ஒரு 'கார்', என்றால் தமிழ் வாசகர் நான் விளையாடுகிறேன் என்று நினைப்பார். இங்கே அது வயதானவர்களிடம் சாதாரணமாக இருக்கும் பெயர். மாற்ற மனம் வரவில்லை.)

வண்டியை எடுத்துப்போக வந்திருந்த ஓட்டுநர் லுக்யான் இருபத்தாறு வயதுக்காரன். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"அண்ணே, இத கழட்டாதீங்க. எங்க பட்டாலியன்ல அடிபட்டவங்கள இப்ப காய்கறி வேன்ல ஏத்திட்டு வரோம். வெறும் தகரம். போன வாரம் தூக்கிட்டு வந்தவனுக்கு வழியிலயே ரெண்டாவது அடி."

மகார் அவனைப் பார்க்காமல் வண்டியை எட்டி உதைத்தார். "நாப்பது வருஷம் ஓட்டிட்டு நம்ம தலைல கட்டிருக்காங்க. நாட்டுக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு நட்டு. இது ராணுவமா, மியூசியமாய்யா?"

"மியூசியம்தான். உங்களையும் உள்ள வெச்சிருக்காங்கல்ல?" என்றாள் யாரினா. "கேட்டது லேட்டா வருது, கேட்டதவிடக் கம்மியா வருது, எல்லாம் சரி. இதுவும் வரலன்னா என்னத்த வெச்சு நிப்போம்? வியாழக்கிழம மத்தியானம் வரைக்கும் விடுங்க. அப்பவும் திரும்பலன்னா நானே கழட்டறேன்."

"ஓடாத வண்டிய வெச்சு அழுதுட்டு, ஓடற ரெண்டும் நாளைக்கு நின்னா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. (முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். மகன் போரில் காணாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகியும் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிற மனிதரை வில்லனாக்குவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம்.)

3

இங்கே ஒரு திருத்தம். முதல் பிரதியில் நான் இல்லை. கதாசிரியன் கதைக்குள் வந்து நிற்பது நாகரிகமில்லை என்று என்னை எடுத்துவிட்டிருந்தேன். யாரினா ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப அந்த டென்மார்க் ஆளுகிட்ட யாரு பேசுனது, பேட்டரியா?"

சரி. மதுரைக்காரன் நான், இந்த நாட்டுக்கு டாக்டருக்குப் படிக்க வந்து இருபத்தாறு வருடமாக இங்கேயே இருப்பவன். அன்று பட்டறையில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள். பழைய கவச வண்டிகளைப் பற்றிப் பேசும் ஒரு போன் குழுவில் லுக்யான் இந்த வண்டியின் படம் போட்டிருந்தான். புதன்கிழமை காலை டென்மார்க்கிலிருந்து ஒருவர் வீடியோவில் கூப்பிட்டார். பிரேபென், எழுபத்தொரு வயது, ராணுவ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லுக்யான் போனை என் கையில் திணித்தான்.

எனக்கு இதயத்தின் பாகங்கள் தெரியும். வண்டியின் பாகங்கள் எந்த மொழியிலும் தெரியாது.  பிரேபென் முதலில் கேமராவை இப்படிக் காட்டு, அப்படிக் காட்டு என்று சைகை செய்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்:

"மோதிரம் எங்கேன்னு கேக்கறாரு."

யாரினா தன் விரலைப் பார்த்தாள். கறுப்பு கிரீஸுக்கு நடுவே கல்யாண மோதிரம். "எதுக்கு? புருஷன் பாக்முத் பக்கம் சண்டைல இருக்கான், அவருகிட்ட சொல்லுங்க."

பிரேபென் பென்சிலை எடுத்து ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, நடுவே துளை போட்டு, கேமராவில் காட்டினார். யாரினாவின் முகம் மாறியது. அவர் கேட்ட 'ரிங்' மோதிரம் இல்லை, வளையம்.

அந்தத் தடித்த இரும்பு வளையத்தை அவள் பார்த்திருக்கிறாள். இடப்பக்க லிவரின் தண்டில் இருந்தது. கையேட்டில் இல்லாததால், யாரோ தவறுதலாக மாட்டியது என்று முதல் நாளே கழற்றிப் பழைய இரும்போடு எறிந்துவிட்டாள். பழைய இரும்பு போன வாரமே லாரியில் போய்விட்டது.

"அது இவரு போட்டதாம்" என்றேன். "தண்டு தேஞ்சுபோச்சுன்னு இருபது வருஷம் முன்னாடி இவங்க பட்டறையில எல்லா வண்டிக்கும் போட்டாங்களாம். புக்குல யாரும் எழுதல."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "வந்தப்ப வண்டி நல்லாத்தான் திரும்பிருக்கும். பிரேக் பட்டைய மாத்தறேன்னு கெடுத்தது நானு." பிறகு லுக்யானைப் பார்த்து, மெதுவாக: "அந்த ரெண்டாவது அடி பட்டவன்... இருக்கானா?"

"இருக்கான்க்கா. கால்தான் போச்சு."

மகார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "எழுந்திரு பொண்ணே" என்றார். "அளவக் கேளு. கரண்ட் பதினொண்ணுக்குப் போயிடும்."

4

பிரேபெனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவராக ஒரு வெளிநாட்டுக்காரர் கதைக்குள் வந்தால் வாசகர் நம்புவாரா? அவருக்கு ஏதாவது காரணம் கொடுக்க ஆசைப்பட்டேன். பழைய போரில் இறந்த அப்பா, தீராத குற்ற உணர்ச்சி, அப்படி ஒன்று. பின்னால் ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்: எதற்காக இரண்டு நாள் போன் முன்னால் உட்கார்ந்தீர்கள்?

"அது என் வண்டி. ஒழுங்காகத் திரும்ப வேண்டும்" என்றார். இதற்குமேல் அவரிடம் எதுவும் கிடைக்கவில்லை.

5

லேத்தில் முதல் வளையம் கரண்ட் போவதற்குள் முடியவில்லை. ஜெனரேட்டர் போட்டுச் செய்த இரண்டாவது, மயிரிழை மெல்லியதாகிவிட்டது. மூன்றாவதை வியாழக்கிழமை காலை கடைந்தாள். பிரேபென் திரையில் காபி குடித்தபடி, அவள் அளவுகோலைக் காட்டும்போதெல்லாம் தலையை ஆட்டினார். போதும், போதாது, இன்னும் கொஞ்சம். கடைசி ஒரு மணி நேரம் என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. மகார் கிண்ணத்தில் பீட்ரூட் சூப் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

பதினொன்றரைக்கு லுக்யான் உள்ளே ஏறினான். வண்டி உறுமியது. நேராக வந்தது. நேராகவே வந்தது. வேலி நெருங்கியது.

"இழுடா!" என்று யாரினா கத்தினாள்.

பன்னிரண்டு டன் இரும்பு இடப்பக்கம் திரும்பியது. சேற்றை வாரி எங்கள்மீது அடித்துவிட்டு முழு வட்டம் போட்டது. மகார் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். போனில் பிரேபென் டேனிஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. யாரினா, "புரியுது, புரியுது" என்று உக்ரைனிய மொழியில் பதில் சொன்னாள்.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: போர் முடிகிறது, பிரேபென் வருகிறார், எல்லோரும் கட்டிப்பிடித்து (எழுத எழுத எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆனாலும் கிழிக்கவில்லை, மேஜை இழுப்பறையில் இருக்கிறது.)

இரண்டு: வண்டி திரும்பி வரவில்லை. இதை இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. லுக்யான் நான் மூன்று நாள் முகம் பார்த்துப் பழகியவன்.

மூன்று: நடந்தது. ஒன்பதாம் நாள் லுக்யான் ஒரு குரல்பதிவு அனுப்பினான். பின்னால் எஞ்சின் சத்தம். "அக்கா, அஞ்சு பேர். அஞ்சு பேரும் உசுரோட. மரத்துக்கு நடுவுல இடது பக்கம் ஒடிச்சுதான் வெளிய வந்தோம்." யாரினா அதை மகாரிடம் போட்டுக் காட்டினாள். அவர், "வளையம் தேயும். இன்னும் நாலு கடைஞ்சு வை" என்றார்.

மூன்றாவதோடு முடிக்கலாம் என்றால், போர் முடியவில்லை. இதை எழுதும் இந்தக் காலையில் லுக்யான் அதே வண்டியில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான். யாரினா இப்போதுதான் கூப்பிட்டாள்: "வாங்க டாக்டர், இன்னொன்னு வந்திருக்கு. இந்தத் தடவ நார்வேக்காரன். எதையும் கழட்டல, சத்தியமா." நான் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தை நீங்கள் வாசிக்கும்போது எனக்குத் தெரியாத ஒன்று, இந்தப் போரின் முடிவு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று நம்பி, கீழே ஒரு வரிக்கு இடம் விடுகிறேன். என்னைவிட நன்றாக எழுதுங்கள்.