சுபைறா தின்ற சுவர்

படுக்கையறைச் சுவரில் பள்ளம் விழுந்ததற்கு ஜவுபர் மாஸ்டர் முதலில் எலியைத்தான் சந்தேகித்தார். கருவாட்டுத் துண்டு குத்திப் பொறி வைத்தார். எலி விழவில்லை, பள்ளம் மட்டும் அகலமாகிக்கொண்டே போனது. ஒருநாள் பாடசாலையிலிருந்து நேரத்தோடு வந்தவர், பிள்ளைத்தாய்ச்சியான மனைவி சுபைறா சுவரோரம் நின்று, நகத்தால் களிமண் பூச்சைச் சுரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடிச் சுவைப்பதைக் கண்டார். எலி என்றால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். இதற்குத் தெரியாததால் வெளியே போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார்.

மாஸ்டர் சாய்ந்தமருதில் சாதாரணதரப் பரீட்சை வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். யோசித்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவுக்கு வந்தார். உடம்பு என்பது மூலகங்கள், மண்ணும் மூலகங்கள். வயிற்றில் ஒரு பிள்ளைக்கு எலும்பும் இரத்தமும் கட்டவேண்டியிருக்கிறது. கல்சியமும் இரும்பும் தேவைப்படுகின்றன. சுவரில் இரண்டும் இருக்கின்றன. உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போகிறது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனித உடம்பிலுள்ள இரும்பைக்கொண்டு ஓர் ஆணி செய்யலாம் என்று வகுப்பில் சொன்னார். சுவரைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் சுபைறா வெளுத்துப்போனாள். கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. கல்முனை ஆஸ்பத்திரியில் டொக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மாஸ்டர் தமது விளக்கத்தை முழுவதுமாகச் சொன்னார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்டர், துருப்பிடிச்ச மம்பெட்டி இரும்ப நக்கினா இரத்தம் ஊறுமா?"

மண்ணிலுள்ள இரும்பை உடம்பால் எடுக்க முடியாது. சோற்றிலும் கறியிலும் வருகிற இரும்பையும் அந்தக் களி பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்தத்தில் இரும்பு குறைந்ததால்தான் மண்ணில் ஆசை வந்தது. ஆசையால் இரும்பு இன்னும் குறைகிறது. இப்படியே போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் தன்னால் பொறுப்புச் சொல்ல முடியாது என்று சொல்லி டொக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். மூலகம் வேறு, சேர்வை வேறு. சோடியத்தைத் தின்ன முடியாது, உப்பைத் தின்னலாம் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிற மனுசன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

மண்ணைத் தொடாதே என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடிக்கிறவன் பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பான். வீடு சுபைறாவின் பேரில். மாஸ்டர் சுபைறாவின் தாயான மாமி சபியா உம்மாவிடம் முறையிட்டுப் பார்த்தார். மாமி பாக்கு வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அவள்ட ஊட்ட அவள் திங்கிறாள். ஒங்களுக்கென்ன மகன்?"

மாஸ்டர் சீமெந்து வாங்கிவந்து சுவரைத் தாமே பூசினார். கோணல்மாணலான பூச்சு. சுபைறா அதைப் பார்த்தாள், அவரோடு கதைப்பதை விட்டாள். சில நாளில் அடுப்படியில் ஒரு களிமண் அடுப்புக்கட்டி மெலிந்தது. மாத்திரை குமட்டுகிறதென்று வாழையடியில் எறிந்தாள். வாழை செழிப்பாக வளர்ந்தது.

ஏழாம் மாதம் கிணற்றடியில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் உடனே இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். மாஸ்டரின் இரத்தம் பொருந்தியது; ஒரு போத்தல் கொடுத்தார். பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தினார். அவள் போய்விட்டால் அவருக்கு அந்த ஊரில் சொந்தமென்று நிற்க ஓரடி நிலமில்லை. ஆனால் அன்று அவர் அழுதது நிலத்துக்காக அல்ல. அவளைப் பிடித்திருந்தது, மிகவும் பிடித்திருந்தது.

கண் முழித்த சுபைறா ஒரு கிழமையாகியும் அவரோடு கதைக்கவில்லை. சுவரைப் பூசிய கோபம் என்று மாஸ்டர் நினைத்தார். வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துத் தாம் பூசிய சீமெந்தைத் தாமே உடைத்தார். உள்ளேயிருந்து ஒரு கட்டி களிமண்ணைப் பெயர்த்து லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். அது இரத்தத்துக்கு ஆகாது என்பதும், ஏன் ஆகாது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் ஆசைப்பட்டதை ஒருதரமாவது கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது அவருக்குத் தெரியவில்லை.

தாதி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்து நீட்டினார். சுபைறா மூக்கைப் பொத்தினாள்.

"என்ன இது?"

"ஒன்ட சுவர்தான்."

"சீ, அங்கால எடுங்க. குமட்டுது. இத ஆராவது திம்பாங்களா?" என்றாள். பிறகு, "ஈரல் கறி கொஞ்சம் ஆக்கித் தரச் சொல்லுங்க உம்மாட்ட. வயித்துக்குள்ள ஒங்கட புள்ள உதைக்குது, பசி போல."

லேஞ்சியை மடிக்கப்போன மாஸ்டர் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், மண் வெள்ளை விரிப்பெங்கும் சிந்தியது. வார்டுக்குள் வந்த தாதி, இந்தக் குப்பையைக் கொண்டுவந்தது நீங்களா, படிப்பிக்கிற ஆள்தானா நீங்கள் என்று எல்லாருக்கும் கேட்க ஏசினாள். மாஸ்டர் சிரித்த முகத்தோடு இரண்டுக்கும் ஓம் என்று தலையாட்டினார்.