உள்ளூர்ப் பெயர்களின் எண்ணிக்கை

1996-இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து செபாஸ்டியன் ‘லிங்கர்’ ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான். ஆளாளுக்கு எழுதிய நிரல்களை ஒன்றாகக் கோர்க்கும் மென்பொருள் அது. கோர்த்து முடித்ததும் அவற்றிலுள்ள ஃபங்ஷன்களுக்கு, அதாவது நிரல்துண்டுகளுக்கு, ஒரு பெயர்ப் பட்டியல் போடும். முதலில் வெளியாருக்குத் தெரியக்கூடாத உள்ளூர்ப் பெயர்கள், பிறகு எவரும் கூப்பிடக்கூடிய பொதுப் பெயர்கள். உள்ளூர்ப் பெயர்கள் எத்தனை என்று தலைப்பில் ஓர் எண் இருக்கும்.

பட்டியலைச் சுருக்குகிறேன் பேர்வழி என்று வேண்டாத உள்ளூர்ப் பெயர் ஒன்றைத் தூக்கியவன், அந்த எண்ணைக் குறைக்க மறந்தான். முதல் பொதுப் பெயர் உள்ளூர்க் கணக்கில் விழுந்துவிட்டது. அது அதே ஆபீசில் வேலை பார்க்கும் அருள்செல்வி எழுதிய ஃபங்ஷன். வேறெந்த நிரலின் கண்ணிலும் அது படவில்லை.

"உன் ப்ரோகிராம்தான் சரியில்ல" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் மூன்று முறை திருப்பி எழுதினாள். சனிக்கிழமையே செபாஸ்டியனுக்குத் தன் எண்தான் தப்பு என்று புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை, பாவி. ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக் கோயிலில் பூசை கண்டான். அதே கோயில் பங்கைச் சேர்ந்த அருள்செல்வி வரவில்லை, ஆபீசில் இருந்தாள்.

திங்கள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் எண்ணில் ஒன்றைக் குறைத்தான். அவள் நிரல் ஓடியது. "சின்ன விஷயம் சார், பாத்துட்டேன்" என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னான்.

சாயங்காலம் அருள்செல்வி அவன் மேஜைக்கு வந்தாள்.

"நீங்கதான் சரி பண்ணீங்களாமே, அண்ணா. என் தப்பால உங்களுக்கும் வேலை கெட்டுப் போச்சு. மன்னிச்சிக்குங்க."

செபாஸ்டியன் திரையை அணைத்தான்.

"பரவாயில்லம்மா" என்றான்.